தங்கபுஷ்பத்தின் வீடு அகலமான வருஷம்

பாளையங்கோட்டை வேதமுத்து காம்பவுண்டில் கடைசி வீடு உள்ளுக்குள்ளே அகலமாகிப்போனது கிறிஸ்மஸுக்கு முந்தின வாரத்தில். அன்றைக்குக் குழாயில் தண்ணி வருகிற முறை இல்லை, ஆனாலும் வந்தது. அதனால் பெண்கள் எல்லாரும் குழாயடியில் நின்றார்கள், அதனாலேயே விஷயம் மத்தியானத்துக்குள் எல்லா வீட்டுக்கும் எட்டிவிட்டது. எட்டின பிறகும் ஒருத்தரும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவரவில்லை, தண்ணி நின்றுபோகுமே என்று பிடித்து முடித்து, மூடி வைத்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டுதான் வந்தார்கள். வீடு எங்கே ஓடிவிடப்போகிறது?

அது தங்கபுஷ்பத்தின் வீடு. அவள் புருஷன் ஆசீர்வாதம் கவர்மெண்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, ரிட்டயர்டு ஆகி, ஒரு சித்திரை வெயிலில் கண்ணை மூடினார். முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு ஆள் குனிந்து நிமிர மட்டும் இடமுள்ள அடுப்படி, அவ்வளவுதான் வீடு. அந்த ஒரே அறையில் அவர் கட்டிலிலும், தங்கபுஷ்பமும் இரண்டு பையன்களும் தரையிலுமாகப் படுத்திருந்த வருஷங்களை நினைத்தால், இப்போதும் அவளுக்கு இடுப்பில் ஒரு முழங்கால் வந்து இடிக்கும். மூத்தவன் ராஜசிங், சின்னவன் செல்வின். ஒருத்தன் புரண்டால் மூணு பேரும் புரளவேண்டும். சாயங்கால ஜெபத்துக்கு முழங்காலில் நின்றால் நாலு பேர் முழங்காலும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தன் மற்றவனைக் கிள்ளுவான், அவன் கத்தமாட்டான், ஆமென் சொல்லி முடித்த அடுத்த நொடியில் திருப்பிக் கிள்ளுவான். ஆசீர்வாதம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆண்டவரே, இந்தக் கழுதைகளுக்கும் புத்தியத் தாரும்" என்று அதையும் ஜெபத்தோடு சேர்த்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் ஒரே துண்டு, ஒரே சைக்கிள். முன்னால் கம்பியில் தம்பி உட்கார அண்ணன் மிதிப்பான், பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது தம்பிக்குக் கால் மரத்துப்போயிருக்கும், அண்ணன் தேய்த்துவிடுவான்.

அந்த இரண்டு பேரும்தான் அப்பா அடக்கத்துக்கு மறுநாளிலிருந்து பேசிக்கொள்ளவில்லை.

அக்கினி வெயிலில், ஃப்ரீசர் பெட்டிக்குக் கரண்டு வந்து வந்து போன ஒரு நாளில் ஆசீர்வாதம் கிடந்தார். செல்வின் மஸ்கட்டிலிருந்து விமானம் ஏறிவிட்டான், மறுநாள் காலையில் வந்துவிடுவான். ராஜசிங் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், சபைப் போதகரான ஐயரைப் பார்த்தான், பிறகு சாயங்காலமே அடக்கம் என்று சொல்லிவிட்டான். காலையில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கின செல்வின் கல்லறைத் தோட்டத்தில் ஈரமண்ணைத்தான் பார்த்தான். "ஒரு ராத்திரி பொறுக்க முடியாதால ஒனக்கு? எங்கப்பா மொகத்த நான் பாக்காண்டாமா?" என்று அவன் கேட்டதற்கு, தூங்காமல் சிவந்த கண்ணோடு நின்ற ராஜசிங், "நீ வார வரைக்கும் அவர நாற விடச் சொல்லுதியா?" என்று கேட்டுவிட்டான். கேட்ட வார்த்தை கேட்டதுதான். செல்வின் அப்படியே திரும்பி நடந்தான். அண்ணன் நிற்கிற கூரைக்குக் கீழே நான் நிற்கமாட்டேன் என்று காம்பவுண்டு வாசலில் வைத்துச் சொன்னான்.

சொன்னபடியே செய்தான். அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வருகிற சமயம் தம்பி வரமாட்டான். தெரியாமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் ஒருத்தன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மற்றவன் செருப்பை மாட்டுவான். அந்த அறையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இடம் கிடையாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் எதிராளியின் தோள்தான் தெரியும்.

தங்கபுஷ்பம் அவர்களுக்காகச் சமாதானம் கேட்டு ஜெபித்தாள். காலையில் கேட்டாள், அரிசி களைகிறபோது கேட்டாள், பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டாள். கேட்டுக் கேட்டு ஒரு நாள் அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. பிள்ளைகள் மனசை மாற்று, மாற்று என்று ஆண்டவரையே நெருக்குகிறோமே, அவர்கள் மனசு அவர்களுடையதல்லவா என்று தோன்றியது. அன்றையிலிருந்து வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தாள். "சமாதானம் இப்ப வேண்டாம் ஆண்டவரே. இடம் தாரும். ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாக்காம ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்க மட்டும் எடம் தாரும். அது போதும்."

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஐயரிடம் சொன்னால் இது என்னம்மா ஜெபம் என்று கேட்பாரோ என்று கூச்சம்.

அந்த டிசம்பரில் வீட்டுக்கு வெள்ளையடித்தாள். வெள்ளையடித்த வீட்டைப் படம் பிடித்து இரண்டு பேருக்கும் அனுப்பினால் பார்த்ததும் வர மனசு வராதா என்று ஒரு ஆசை. பக்கத்து வீட்டுக் கிருபாவதி தன் போனை நீட்டிப் பிடித்து, பின்னால் போய்ப் போய், கடைசியில் வாசல்படி தடுக்கி வெளியே விழப்பார்த்தாள். படத்தில் அரைக்கட்டில் விழுந்தது, ஒரு ஜன்னல் கம்பி விழுந்தது.

"எக்கா, இந்த வீட்ட முழுசாப் பிடிக்கணும்னா செவுத்த இடிச்சிட்டு ரோட்டுல நின்னுதான் பிடிக்கணும்" என்றாள் கிருபாவதி. "சாமிதாஸ் அண்ணன்ட்டப் போங்க. அவரு புரோக்கர்மாருக்கு வீட்டப் படம் பிடிச்சுக் குடுக்காரு. கக்கூஸப் பிடிச்சு ஹாலுன்னு காட்டுத மனுசன்."

சாமிதாஸ், ஆசீர்வாதத்தின் கூட்டாளி. அவரை அண்ணன் என்பார், அதனால் தங்கபுஷ்பம் அவருக்கு மதினி. பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஸ்டூடியோ. கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம் போக, இப்போதெல்லாம் வாடகைக்கும் விலைக்கும் வருகிற வீடுகளைப் படம் பிடிப்பதுதான் அவருக்கு முக்கால் வேலை. கண்ணாடி அலமாரியில் லென்ஸுகளை ஊறுகாய் ஜாடி மாதிரி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

"வீடு முழுசா விழணும் தம்பி" என்றாள் தங்கபுஷ்பம்.

"விழ வச்சிருவோம் மதினி. எவ்வளவு முழுசா?"

அவள் என்ன சொல்வதென்று தெரியாமல் கையை விரித்துக் காட்டினாள். சாமிதாஸ் சிரித்துக்கொண்டே ஒரு லென்ஸை மாட்டி, அவள் கையிலேயே கேமராவைக் கொடுத்தார். "நீங்களே பாருங்க. இது அம்பதாம் நம்பரு. நம்ம கண்ணு பாக்குத மாதிரியே இருக்கும்."

பார்த்தாள். எதிர்ச் சுவரும் நாற்காலியும் தெரிந்தன, உள்ளது உள்ளபடி. ஒரு மகனை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தாள் மனசுக்குள். மற்றவனுக்கு இடமில்லை.

"இது முப்பத்தஞ்சு."

நாற்காலிக்குப் பக்கத்தில் மேஜையும் வந்தது. இரண்டு பேரையும் வைக்கலாம், ஆனால் தோளும் தோளும் இடிக்கும்.

"நம்பர் குறையக் குறைய எடம் கூடுமா தம்பி?"

"ஆமா மதினி. நம்பர் சின்னதானா வீடு பெருசாகும். இந்தா, இருபத்தி நாலு. வீட்டுக்கு இதுதான் தோது. பொய்யும் இருக்காது, கொறையும் இருக்காது. இதையே வச்சுக்கிடுவோம்."

அதில் ஸ்டூடியோ அறையின் இரண்டு ஜன்னலும் தெரிந்தன. ஒருத்தனை இந்த ஜன்னலிலும் ஒருத்தனை அந்த ஜன்னலிலும் நிறுத்திப் பார்த்தாள். நிற்கிறார்கள், ஆனால் ஒருத்தன் இருமினால் மற்றவனுக்குக் கேட்கும், கேட்டால் செருப்பை மாட்டிவிடுவான்.

"இன்னும் சின்ன நம்பர் இருக்கா?"

சாமிதாஸ் மேல்தட்டிலிருந்து முன்பக்கம் முட்டைக்கண் மாதிரித் துருத்திக்கொண்டிருந்த ஒன்றை எடுத்தார். "பதினாலு இருக்கு. ஆனா மதினி, இதுல சில சள்ளை உண்டு. மட்டமாப் பிடிக்கணும், கொஞ்சம் சாஞ்சாலும் செவரெல்லாம் விழுத மாதிரி ஆயிரும். ஓரத்துல இருக்குறத நீட்டி விட்டுரும். பக்கத்துல இருக்குறது பெருசாத் தெரியும், எட்டத்துல உள்ளது இன்னும் எட்டப் போயிரும். தூரம் கூடிப்போகும்."

தங்கபுஷ்பம் அதில் கண்ணை வைத்தாள். ஸ்டூடியோவே தெப்பக்குளம் மாதிரி விரிந்து கிடந்தது. இடது சுவரும் வலது சுவரும் ஒரே பார்வையில் தெரிந்தன, தன் கால்விரல் நுனிகூடத் தெரிந்தது. அந்தச் சுவரில் ராஜசிங்கை நிறுத்தினாள். இந்தச் சுவரில் செல்வினை நிறுத்தினாள். நடுவில் ஒரு கோபம் முழுசும் கை கால் நீட்டிப் படுத்துக்கொள்ளுகிற அளவுக்கு இடம் இருந்தது.

"தூரம் கூடட்டும் தம்பி. இதுவே இருக்கட்டும்."

மறுநாள் காலை சாமிதாஸ் வந்தார். அறையின் மூலையில் முதுகு சுவரில் ஒட்ட நின்று, கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, சுவர் சாயாமல் மட்டம் பார்த்தார். ஓரத்தில் யாரும் நிற்கக்கூடாது என்று தங்கபுஷ்பத்தை மூலையை ஒட்டின வாசலில் நிற்கச் சொன்னார். அவள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். இடம் தாரும் என்று அவள் சொன்னதும் கேமரா சொடுக்கியதும் ஒரே நேரத்தில் நடந்தன.

கண்ணைத் திறந்தபோது வீடு படத்தில் விழுந்தபடியே கிடந்தது.

எதிர்ச் சுவர் தூரத்தில், காலைப் பனிக்கு அந்தப் பக்கம் தெரிகிற சர்ச் கோபுரம் மாதிரி மங்கலாக நின்றது. கட்டில் நடுவில் தனியாக நின்றது. கேமராவுக்குப் பக்கத்திலிருந்த எவர்சில்வர் குடம் வயிறு பெருத்து இரண்டு ஆள் தூக்குகிற குடமாகிவிட்டது. ஓரத்தில் தொங்கின காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் மட்டும் நீண்டு மற்றக் கிழமைகளைவிட அகலமாக இருந்தன. சாமிதாஸ் கேமராவின் பின்புறத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், லென்ஸ் மூடியைப் போட்டார்.

"சரியா விழுந்திருக்கு மதினி" என்றார்.

"நல்லாருக்கு தம்பி. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, தங்கபுஷ்பம் அடுப்படிக்கு நடக்க ஆரம்பித்தாள். போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

குழாயடியிலிருந்து வந்த பெண்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். வெளியே வீடு முன்னிருந்த மாதிரியே கிருபாவதி வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒடுங்கித்தான் இருந்தது. உள்ளேதான் அந்த விரிவு. கிருபாவதி உடனே தன் வீட்டுக்குள் ஓடிப்போய் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எங்க வீட்டுல இருந்து எடம் ஒண்ணும் பிடுங்கல" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். அதைக் கேட்டபிறகு ஒருத்தருக்கும் ஒரு சங்கடமும் இருக்கவில்லை. வெள்ளை நன்றாகப் பிடித்திருக்கிறது என்றும், இவ்வளவு பெரிய வீட்டுக்கு ஒரு டியூப்லைட் காணாது என்றும் பேசிக்கொண்டார்கள். வயரிங் வேலை செய்கிற அந்தோணி கம்பியை இழுத்துக்கொண்டே போய், நடுவில் உட்கார்ந்து ஒரு பீடி பிடித்துவிட்டு, மறுபடியும் இழுத்தார்.

இரண்டொரு நாளில் காம்பவுண்டுக்கு அந்த வீடு பழகிவிட்டது. மார்கழிப் பனியில் வெளியே காயாத வத்தலும் வடகமும் அந்த வீட்டுக் கிழக்கு ஜன்னல் வெயிலில் காய்ந்தன. சபைப் பாடகர் குழு பண்டிகைப் பாட்டுகளை அங்கே வந்து பாடிப் பழகியது, ஆண்குரல்காரர்கள் ஒரு கோடியிலும் பெண்குரல்காரர்கள் மறு கோடியிலும் நின்றதால் அந்த வருஷம்தான் முதல்முறையாக ஒருத்தர் பிழையை ஒருத்தர் மேல் போடாமல் பாடினார்கள். சுகந்தி டீச்சர் ஸ்கூட்டர் ஓட்டப் பழகினாள், கட்டிலைச் சுற்றித் திரும்பும்போது மட்டும் காலை ஊன்றுவாள். பெருக்குகிற வேலைதான் பெரிய வேலை, ஒரு கோடியில் ஆரம்பித்து மறு கோடிக்குப் போகிறதற்குள் ஆரம்பித்த இடத்தில் தூசி படிந்துவிடும். அதற்கு வீட்டுக்கு ஒரு ஆளாக முறை வைத்துக்கொண்டார்கள், தண்ணிக்கு வைத்துக்கொள்வது மாதிரியே.

சபை ஐயர் வந்தார். முழு வீட்டையும் நடந்து பார்த்தார், மூச்சு வாங்க உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் பயந்துகொண்டே நின்றாள்.

"அம்மா, பொங்கல் லீவுல பெண்கள் ஐக்கியக் கூட்டத்த இங்க வச்சுக்கிடலாமா? சபை மண்டபத்துக்குக் கூரை ஒழுகுது" என்றார் ஐயர்.

வீட்டுவரிக்காரர் வந்து உள்ளே அளக்க ஆரம்பித்து, டேப் முடிந்துபோய், வெளியே வந்து வெளிச்சுவரை அளந்து அதையே எழுதிக்கொண்டு போனார். கிருபாவதிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சாமிதாஸைப் பிடித்திழுத்து வந்து அதே லென்ஸில் தன் வீட்டையும் பிடிக்கச் சொன்னாள். படத்தில் வீடு அரண்மனை மாதிரி விழுந்தது. வீடு அப்படியேதான் இருந்தது.

"அது என்ன, ஆண்டவரு கடைசி வீட்டுக்குத்தான் குடுப்பாராமா? நாங்க சபைக்குத் தசமபாகம் குடுக்கலியா?" என்றாள் அவள்.

"நீ என்ன ஜெபிச்ச கிருபை?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"ஃபிரிட்ஜ் வைக்க எடம் வேணும்னு."

"அத எங்க வீட்டுல வச்சுக்கோயேன்."

அன்றைக்கே கிருபாவதியின் ஃபிரிட்ஜ் கடைசி வீட்டுக்கு வந்துவிட்டது. குளிர்ந்த தண்ணி வேண்டுமென்றால் அவள் தன் வீட்டிலிருந்து வருகிற தூரத்தைவிட, வாசலிலிருந்து ஃபிரிட்ஜுக்குப் போகிற தூரம் அதிகமாக இருந்தது.

படம் கோயம்புத்தூருக்கும் போயிற்று, மஸ்கட்டுக்கும் போயிற்று. தங்கபுஷ்பம் ராஜசிங்கிடம் போனில், "இந்த வருசம் நீ மேற்குப் பக்கம் தங்கிக்கோ, ஒனக்குன்னு தனியா எடம் போட்டிருக்கேன்" என்றாள். செல்வினிடம், "நீ கிழக்குப் பக்கம். ஜன்னல் இருக்கு" என்றாள். அவன் வருகிறானா என்று இவனும் கேட்டான், இவன் வருகிறானா என்று அவனும் கேட்டான். "வந்தா என்ன, ஒன் கண்ணுல படமாட்டான்" என்று இரண்டு பேரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்.

முதலில் செல்வின் வந்தான், பெண்டாட்டி பிள்ளையோடு. வாசலில் நின்று உள்ளே பார்த்தான்.

"எம்மா, ஒரு ஆட்டோ சொல்லவா?"

"போல, நடந்து போ. கொழுப்பு கரையும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்தான். மறுநாள் ராஜசிங் குடும்பத்தோடு வந்து மேற்கே போனான். போகிற வழியில் தலையைத் திருப்பவில்லை, ஆனால் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த நீலச் சட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டான் என்பது அவன் கழுத்து விறைத்ததிலிருந்து தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது. அவன் செருப்பைக் கழற்றின இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். செருப்பு கழற்றினபடியே கிடந்தது. இரண்டு ஜோடிச் செருப்பும் வாசலில் ஒரே நேரத்தில் கிடந்தன. அவள் அடுப்படிக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கொஞ்சம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு சோற்றுக்கு உலை வைத்தாள்.

பண்டிகை நல்லபடியாக நடந்தது. ஆராதனைக்கு இரண்டு பேரும் வேறு வேறு வாசல் வழியாகப் போய் வேறு வேறு வாசல் வழியாக வந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கோடு எல்லாம் கிடையாது. பெரியப்பா பக்கத்துக்கும் சித்தப்பா பக்கத்துக்கும் ஓடி ஓடி, இங்கே தின்ற முறுக்குக்கு அங்கே போய்த் தண்ணி குடித்தார்கள். மருமகள்மார் நடுக்கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். குறை என்று ஒன்றிருந்தால் ஜெபம்தான். எல்லாரும் அவரவர் இடத்திலேயே முழங்காலில் நின்றார்கள், தங்கபுஷ்பம் நடுவில் நின்று சத்தமாக ஜெபித்தாள். கிழக்கே இருந்து வருகிற ஆமென் ஒரு நேரத்திலும் மேற்கே இருந்து வருகிறது இன்னொரு நேரத்திலும் வந்து சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை இரண்டு பக்கமும் துழாவினாள், ஒரு தலையும் தட்டுப்படவில்லை. கேட்டது இடம், கிடைத்தது இடம், இதற்கு மேல் கேட்டால் ஆசை என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

ஆனால் நடக்கவேண்டியிருந்தது. காப்பி என்றால் முதலில் மேற்கே, பிறகு அடுப்படிக்கு, பிறகு கிழக்கே. மருமகள்மார் எடுத்துப்போகிறோம் என்றால் விடமாட்டாள், மூத்தவனுக்குச் சீனி குறைவு, சின்னவனுக்குப் பால் ஆடை ஆகாது, உங்களுக்குத் தெரியாது என்பாள். தெரியாமல் என்ன, இரண்டு பேருக்கும் தெரியும். அவளுக்குத்தான் இரண்டு முகத்தையும் தினமும் மாறி மாறிப் பார்க்க அந்தச் சாக்கு வேண்டியிருந்தது. கால் வீங்கியது. சேலையை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டாள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம். மஞ்சள் வெயில் கிழக்குக் கோடி வரைக்கும் நீளமாக விழுந்து கிடந்தது. தங்கபுஷ்பம் அடுப்படியில் இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றி வைத்துவிட்டு, கால் வலிக்குதே என்று ஒரு நிமிஷம் பலகையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். தூக்கம் இல்லை, அசதி. கண்ணைத் திறந்தபோது டம்ளர் இரண்டையும் காணோம்.

எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ராஜசிங்தான் எடுத்துக்கொண்டு போகிறான். அம்மா வர நேரமானதும் தேடி வந்திருக்கிறான், சேலை விலகி வீங்கின கால் தெரிந்திருக்கிறது. ஒரு டம்ளர் தனக்கு. இன்னொன்றை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை போலும், கட்டில்வரை கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ. அதே நேரத்தில் கிழக்கே இருந்து செல்வின் வந்துகொண்டிருந்தான். அவனும் காப்பி வரக் காணோமே, அம்மாவை நடக்கவிடவேண்டாம், நாமே போய் எடுத்துக்கொள்வோம் என்று கிளம்பினவன்தான். ஒளிய ஒரு தூண் இல்லை, திரும்ப ஒரு முடுக்கு இல்லை, அவ்வளவு வெட்டவெளியில் ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தால் அது நெடுந்தூரத்துக்குத் தெரியும். திரும்புகிறவனுக்கும் வெட்கம், பார்க்கிறவனுக்கும் வெட்கம். இரண்டு பேரும் நடந்தார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன், வந்து நின்றுவிட்டார்கள்.

ராஜசிங் டம்ளரை நீட்டினான். செல்வின் வாங்கவில்லை. கட்டிலைப் பார்த்தபடி நின்றான். பிறகு அவன் வாய் அசைந்தது. சின்னதாக ஏதோ கேட்டான்.

என்ன கேட்டான் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியாது. வீட்டின் தூரம் அவ்வளவு. ஆனால் மூத்தவன் இரண்டு டம்ளரையும் மெதுவாகத் தரையில் வைத்ததைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்து, வலது கையை இரண்டு விரலாகக் குவித்து, தன் கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒரு தரம் இழுத்தான். பிறகு தாடையைச் சுற்றி. பிறகு மூக்குக்குக் கீழே, மீசையைத் தொடாமல், ஓரமாக.

தங்கபுஷ்பம் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். ஆசீர்வாதம் செத்த அன்றைக்கு, கூட்டம் வருவதற்கு முன்னால், நாவிதரைக் கூப்பிடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ராஜசிங் தானே ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் பிளேடுமாகக் கட்டிலோரம் முழங்காலிட்டு அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டான். வெட்டிவிடுமோ என்று தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் வளர்ந்த வெள்ளை முடியை எல்லாம் எடுத்து, மீசையை அவர் டியூட்டிக்குப் போகிற நாளில் வைத்துக்கொள்வது மாதிரியே ஒதுக்கிவிட்டான். அவள் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை அவன் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய ஆள் காம்பவுண்டு வாசலோடு திரும்பிப் போய்விட்டானே.

இப்போது அவன் விட்டு விட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நெற்றியைக் காட்டினான். கண்ணை மூடிக் காட்டினான், அப்பா கண்ணை எப்படி மூடியிருந்தார் என்று. வாயை லேசாக ஒரு பக்கம் கோணினான், அது ஆசீர்வாதம் சில்லறை இல்லாத பயணியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு, அது அப்படியே இருந்தது கடைசிவரை. செல்வின் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணைச் சிமிட்டினால் போய்விடுமோ என்கிற மாதிரிப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கி, தன் கன்னத்தில் அதே இடத்தில் வைத்துக்கொண்டான். அவன் தோள் இரண்டும் குலுங்கின. மூத்தவன் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

ஃபிரிட்ஜில் தண்ணி எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் வந்த கிருபாவதி, "எக்கா, அங்க என்ன..." என்று ஆரம்பித்தாள். தங்கபுஷ்பம் திரும்பாமலே உதட்டில் விரலை வைத்தாள். கிருபாவதி தண்ணி பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

வெயில் கட்டிலை விட்டு மேலே ஏறியது. இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சொல்கூட அடுப்படிக்கு எட்டவில்லை. எட்டவேண்டும் என்று தங்கபுஷ்பம் ஓரடிகூட முன்னால் எடுத்து வைக்கவில்லை.